மறுபடியுமா?

வாசகி ஒருவரின் கேள்வி:

என் அக்காவுக்கு எட்டு மாதத்தில் ஐந்து அடி. முதலில் அவள் மாமனார் இறந்தார். அடுத்த மாதமே அத்தானுக்கு வேலை போனது. பிறகு மகனுக்கு விபத்து, கையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பிறகு அவளுக்கே அறுவை சிகிச்சை. இப்போது குடியிருக்கும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த ஐந்தாவதை மூன்று வாரம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள். ஏன் மறைத்தாய் என்றால், "மறுபடியுமான்னு கேப்பே, அதான்" என்கிறாள். பட்ட காலிலே படும் என்பது உண்மைதானா? காரணம் ஏதாவது உண்டா, கெட்ட நேரம் என்று விட்டுவிட வேண்டியதுதானா? நான் என்ன செய்யட்டும்? போன் செய்தால் பாதி நேரம் எடுப்பதே இல்லை.

மார்ச் 4, இரவு 11.20

இரண்டு கேள்வி இருக்கிறது இதில். ஏன் நடக்கிறது என்பது ஒன்று, என்ன செய்வது என்பது இன்னொன்று. எனக்கும் ஒரு வருடம் இப்படி ஓடியது. அந்த வருடம் முழுக்க நான் முதல் கேள்வியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி லண்டன் மீது வி-1 பறக்கும் குண்டுகளை ஏவியது. குண்டுகள் கொத்துக் கொத்தாக ஒரே பக்கம் விழுகின்றன என்று பேச்சு பரவியது. கிளார்க் என்ற இன்சூரன்ஸ் கணக்காளர் தெற்கு லண்டனை 576 சமக் கட்டங்களாகப் பிரித்து, அங்கே விழுந்த 537 குண்டுகளையும் கட்டம் கட்டமாக எண்ணி 1946இல் வெளியிட்டார். 229 கட்டங்களில் ஒன்றுகூட விழவில்லை. 93இல் இரண்டு, 35இல் மூன்று, ஏழு கட்டங்களில் நான்கு. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தால் எப்படி விழுந்திருக்குமோ, ஏறக்குறைய அதே கணக்கு. குறி எதுவும் இல்லை. தற்செயலாகக் கொட்டுவது சமமாகப் பரவாது, அங்கங்கே குவியும். ஒரே சீராகப் பரவியிருந்தால்தான் யாரோ உட்கார்ந்து அடுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆகவே உங்கள் அக்காவை யாரும் குறி வைக்கவில்லை. நான்கு குண்டு விழுந்த கட்டத்தில் குடியிருப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்ல மட்டும் போகாதீர்கள்.

மார்ச் 5, காலை 6.10

படுத்துவிட்டேன், தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியது பாதிதான் சரி.

குண்டுக்கும் குண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. கஷ்டத்துக்கும் கஷ்டத்துக்கும் உண்டு. என் வருடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பக்கவாதம். மருத்துவமனையில் இரவுகள். ஒரு நாள் விடியற்காலை அங்கிருந்து வண்டியில் திரும்பும்போது, ஒன்றுமே இல்லாத வளைவில் சறுக்கி விழுந்து கணுக்கால் முறிந்தது. பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் கவனம் அளவுக்குத் தடுமாறும் என்று சோதித்து அளந்திருக்கிறார்கள். பல நாடுகளில் அதற்கு மேல் வண்டி ஓட்டக் கூடாது என்பது சட்டம். நான் அன்று இருபது மணி நேரம் விழித்திருந்தேன். ஊதச் சொல்லியிருந்தால் உத்தமனாகத்தான் வந்திருப்பேன்.

காலில் கட்டு, அதனால் லீவு. ஏற்கெனவே அப்பாவுக்காக எடுத்த லீவு வேறு. ஆட்குறைப்பு வந்தபோது பட்டியலில் என் பெயர் மேலே இருந்தது. வீட்டுக்கு வந்த கடிதங்களைப் பிரிக்கவே மனமில்லாமல் கதவுப் பக்கம் குவித்து வைத்திருந்தேன். அதில் ஒன்று இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் கெடு. அதுவும் காலாவதி ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் நான்கு இடி. உள்ளே இருந்து பார்த்தால் ஒரே கயிறு.

பட்ட காலிலே படும் என்பதை இப்போதெல்லாம் நேர்ப் பொருளிலேயே படிக்கிறேன். பட்ட கால் நொண்டும். நொண்டுகிற கால் எதிலாவது தட்டும். இதில் கிரகத்துக்கு வேலையில்லை. இன்னொன்றும் உண்டு: நல்ல காலில் தட்டினால் நாம் எண்ணுவதில்லை.

உங்கள் அக்காவிடம் இருப்பதில் எது குண்டு, எது கயிறு என்று பிரித்துப் பாருங்கள். மாமனார் இறந்ததும் அத்தானுக்கு வேலை போனதும் தனித்தனியாக இருக்கலாம். வேலை போனதும் வீடு போவதும் அப்படி இல்லை. குண்டை நம்மால் தடுக்க முடியாது. கயிறு என்றால் அடுத்த முடிச்சு எங்கே விழும் என்று ஊகிக்கலாம். வெளியில் நிற்கிற உங்களால்தான் அது முடியும், அவளால் முடியாது.

மார்ச் 5, மதியம் 1.45

ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மருத்துவர்கள் 1967இல் ஒரு பட்டியல் போட்டார்கள். மனிதனுக்கு நேரக்கூடிய 43 மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் மார்க். துணைவர் இறந்தால் 100. நெருங்கிய உறவினர் இறந்தால் 63. தனக்கு நோயோ காயமோ வந்தால் 53. வேலை போனால் 47. வீடு மாறினால் 20. ஒரு வருட மார்க்கைக் கூட்டி 300ஐத் தாண்டினால் உடம்பு படுக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். நான் என் வருடத்துக்குக் கூட்டிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எண்ணிக்கை பெரிதாக வந்ததில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தது வேறு. கல்யாணத்துக்கு 50 மார்க். விடுமுறைக்கு வெளியூர் போனால் 13. நல்லதோ கெட்டதோ, அவர்கள் எண்ணியது புதிதாகப் பழகிக்கொள்ள வேண்டிய வேலையை. ஆகவே "மனசு மாற நாலு நாள் எங்கேயாவது கூட்டிட்டுப் போறேன்" என்று அக்காவிடம் கிளம்புவதற்கு முன் யோசியுங்கள். அதுவும் சுமையில்தான் சேரும்.

மார்ச் 7, இரவு 10.05

பழைய பாட்டு ஒன்று உண்டு, பலர் பள்ளியில் படித்திருப்பீர்கள். மாடு கன்று போடுகிற நேரம் மழை கொட்டுகிறது, வீடு இடிகிறது, மனைவிக்கு முடியவில்லை, பண்ணையாள் சாகிறான். ஈரம் காய்வதற்குள் விதைத்துவிடலாம் என்று ஓடினால் வழியில் கடன்காரர் மறிக்கிறார். சாவுச் சேதியோடு ஒருவன் எதிரே வருகிறான். தட்ட முடியாத விருந்தாளி வருகிறார். பாம்பு தீண்டுகிறது. அரசர் வரி கேட்கிறார். கடைசியாகக் குரு வந்து தட்சணை கொடு என்கிறார்.

சின்ன வயதில் சிரித்தோம். நேற்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. முதல் பாதி முழுக்க நடப்பவை. இரண்டாம் பாதி முழுக்க வருபவர்கள். வருகிற அத்தனை பேருக்கும் அவனிடமிருந்து ஏதோ வேண்டியிருக்கிறது. எதுவும் கேட்காமல் வந்து போனது பாம்பு மட்டும்தான்.

இதற்காகவே இந்த இழைக்குத் திரும்பி வந்தேன். அடி மேல் அடி வாங்குகிறவரிடம் தைரியம் தீர்ந்துவிடுகிறது என்று நினைக்கிறோம். என் அனுபவத்தில் முதலில் தீர்வது பதில்தான். எப்படி இருக்கே? டாக்டர் என்ன சொன்னார்? அடுத்து என்ன பண்ணப் போறே? பணத்துக்கு என்ன வழி? ஒவ்வொன்றும் அக்கறைதான். ஒரு நாளைக்குப் பதினைந்து அக்கறைக்குப் பதில் சொல்லிப் பாருங்கள். பக்கவாதம் எந்தப் பக்கம் என்பதை நான் மட்டும் எழுபது தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு கட்டத்தில் வாய் தானாக ஒப்பிக்கும், மனசு எங்கேயோ இருக்கும், சொல்வது என் அப்பாவைப் பற்றி என்பதே உறைக்காது.

உங்கள் அக்கா போனை எடுக்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் மேல் கோபம் இருக்காது. எடுத்தால் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

உருப்படியாக ஒரு வேலை: சேதி சொல்லும் பொறுப்பை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லோருக்கும் நீங்களே இரண்டு நாளுக்கு ஒருமுறை நாலு வரி அனுப்புங்கள். கடைசி வரியில் "அவளுக்குப் போன் செய்ய வேண்டாம், எதுவாக இருந்தாலும் என்னிடம் கேளுங்கள்" என்று போடுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவளிடம் ஒரே ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்.

மார்ச் 8, இரவு 9.30

அப்புறம் அந்த "மறுபடியுமா".

முதல் அடிக்கு எல்லோரும் வந்தார்கள். அப்பா படுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க இடமில்லை. கால் முறிந்தபோது பாதிப் பேர். வேலை போனபோது போன்கள். இன்சூரன்ஸ் காலாவதியானதை யாரிடமும் சொல்லவே இல்லை. அதன் பிறகு குளியலறையில் தொட்டிக்கு அடியில் குழாய் விட்டுப்போய் ஒழுக ஆரம்பித்தது. எவ்வளவு சின்ன விஷயம்! கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்து, அடியில் பக்கெட்டை வைத்துவிட்டு, அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளம்பரைக் கூப்பிட ஒரு போன் போதும். பதினொரு நாள் அந்த போனைச் செய்யவில்லை. ராத்திரி இரண்டு முறை எழுந்து பக்கெட்டைக் காலி செய்தேன். ஒரு காலில் தத்திக்கொண்டு.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன வரும் என்று தெரியும். முதலில் ஒரு நொடி மௌனம், பிறகு "மறுபடியுமா?" அதில் பரிதாபம் இருக்கும், கொஞ்சம் அலுப்பும் இருக்கும், ஒரு துளி சந்தேகமும் இருக்கும்: இவனுக்கு மட்டும் ஏன்? கஷ்டத்தைத் தாங்கலாம். கஷ்டப்படுகிற ஆள் என்ற பெயரைத் தாங்குவது வேறு.

ஒரு நண்பன் ஏதோ கையெழுத்து வாங்க வந்தவன், கை கழுவப் போய்ப் பக்கெட்டைப் பார்த்தான்.

"எத்தனை நாளா?"

"பதினொண்ணு."

"பக்கெட் நல்ல பக்கெட்" என்றான். வெளியே போனான். அரை மணி நேரத்தில் ஸ்பானரோடு வந்து, தரையில் மல்லாந்து படுத்து, சரி பண்ணிவிட்டுப் போனான். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஸ்பானரை என் வீட்டிலேயே விட்டுவிட்டான். "இங்கயே கிடக்கட்டும்."

அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை தோறும் வந்தான். கதவுப் பக்கம் கிடந்த கடிதக் குவியலை எடுத்து உட்காருவான். பிரித்து மூன்றாகப் போடுவான்: இன்றைக்கு, இந்த வாரம், குப்பை. முதல் குவியலில் இருந்து ஒன்றை மட்டும் என் கையில் கொடுத்து, "இதுல கையெழுத்து" என்பான். அதைத் தவிர என்னிடம் கேட்பது கிடையாது. அப்பா எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்க மாட்டான். நேராக உள்ளே போய் அவரையே பார்த்துவிட்டு வருவான்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்பவர்கள் நல்லவர்கள்தான். நானும் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது பாருங்கள். எனக்கு என்ன வேண்டும் என்று நான் யோசிக்க வேண்டும். அதில் இவரால் எது முடியும் என்று அளக்க வேண்டும். பிறகு வாய் திறந்து கேட்க வேண்டும். இல்லை என்று வந்தால் அதையும் தாங்க வேண்டும். பக்கெட்டைக் காலி செய்வது அதைவிடச் சுலபம்.

ஆகவே கேட்காமல் செய்யுங்கள். என் கட்சி அதுதான்.

மார்ச் 9, மாலை 4.15

ஒருவர் காட்டமாக எழுதியிருக்கிறார். அவர் அம்மா இறந்த மறுவாரம் சித்தி கேட்காமல் வந்து, நல்லெண்ணத்தில்தான், அம்மாவின் அலமாரியைச் சுத்தம் செய்து துணி முழுவதையும் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். ஒரு புடவைகூட மிஞ்சவில்லை. "கேட்காமல் செய்யுங்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்யாதீர்கள்" என்கிறார்.

சரிதான். வாபஸ்.

இப்படித் திருத்திக்கொள்கிறேன். திருப்பிச் சரி செய்யக்கூடிய வேலையைக் கேட்காமல் செய்யலாம். குப்பையை வெளியே வைப்பது, வரிசையில் நிற்பது, குழந்தையைப் பள்ளியில் விடுவது, படிவத்தில் தெரிந்த இடங்களை நிரப்பி வைப்பது. திருப்ப முடியாத எதையும் தொடக் கூடாது. பொருளைத் தூக்கிப் போடுவது, யாரிடமாவது சேதி உடைப்பது, அவர்கள் சார்பில் ஒப்புக்கொள்வது, இதெல்லாம். நடுவில் இருப்பதற்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி கேளுங்கள். "நாளைக்கு மருந்து வாங்கிட்டு வரட்டுமா, இல்ல பையனை எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?" தலையை ஆட்டினால் போதும். ரெண்டும் வேண்டாம் என்றால் அதுவும் பதில்தான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் போய்விட வேண்டும்.

மார்ச் 9, மாலை 4.50

இன்னொரு திருத்தம், வீட்டிலிருந்து. மேலே எழுதியதை மனைவி படித்தாள். "செவ்வாய்க்கிழமை தோறுமா? மொத்தமா ஆறு தடவை வந்திருப்பார்" என்கிறாள். பழைய டைரியைப் புரட்டிப் பார்த்தோம். ஆறும் இல்லை, ஐந்து.

ஐந்து வருகை என் நினைவில் ஒரு வருடமாக விரிந்திருக்கிறது. எனக்கு அவ்வளவு நேரம் இல்லையே என்று தயங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும்.

மார்ச் 12, இரவு 11.00

நீங்கள் நேற்று எழுதியதைப் படித்தேன். அக்காவிடம் பேசும்போது அழுதுவிட்டதாகவும், கடைசியில் அவள்தான் உங்களைத் தேற்றியதாகவும். அழுதது தப்பில்லை. அழுத இடம்தான்.

சூசன் சில்க், பாரி கோல்ட்மேன் என்ற இருவர் 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பத்திரிகையில் ஒரு வழி எழுதினார்கள். சின்ன வட்டம் ஒன்று போட்டு அடி வாங்கியவரை அதற்குள் வையுங்கள். அதைச் சுற்றி அடுத்த வட்டம், அதில் மிக நெருங்கியவர்கள். அதற்கு வெளியே நண்பர்கள், அதற்கும் வெளியே தெரிந்தவர்கள். நடுவில் இருப்பவர் யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் புலம்பலாம். மற்றவர்கள் தன்னைவிட உள்ளே இருப்பவரிடம் ஆறுதல் மட்டும்தான் சொல்லலாம், புலம்பலைத் தன்னைவிட வெளியே இருப்பவரிடம் கொண்டுபோக வேண்டும்.

நீங்கள் இரண்டாம் வட்டம். உங்களுக்கும் அழுகை வரும், ஆத்திரம் வரும். இங்கே வந்து கொட்டுங்கள். நாங்கள் கடைசி வட்டம், எங்களுக்கு ஒன்றும் ஆகாது.

குறளைப் பற்றி ஒருவர் நினைவூட்டியிருந்தார். துன்பம் வரும்போது நகுக என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள. அடுத்தவர் வீட்டில் துன்பம் வந்தால் போய்ச் சிரிக்கச் சொல் என்று எந்தக் குறளும் சொல்லவில்லை.

மார்ச் 15, இரவு 12.40

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தால் நான் ரொம்ப நல்லவன் மாதிரி தெரிகிறது. அது பொய்.

என் கதைக்கு நான்கு வருடம் முன்னால், அலுவலகத்தில் என்னோடு வேலை செய்தவருக்கு இதே மாதிரி வரிசை. குழந்தை பிறந்து இறந்தது. பிறகு தம்பி. பிறகு வீட்டில் திருட்டு. முதலாவதற்கு நான் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவதற்கும் போனேன், வாசலோடு. மூன்றாவதற்குப் பிறகு அவரைப் பார்த்தாலே எனக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் போய்விட்டது. அவர் லிஃப்ட்டுக்கு நின்றால் நான் மாடிப்படியில் போவேன். ஐந்து மாடி. உடம்புக்கு நல்லது என்று எனக்கே ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

அதைவிட மோசமானது தலைக்குள் நடந்தது. "ஜன்னலைச் சரியாகச் சாத்தாமல் போயிருப்பார்" என்று நினைத்தேன். "அந்த டாக்டரிடம் போயிருக்கவே கூடாது" என்று நினைத்தேன். ஏதோ ஒரு தப்பு அவர் பக்கம் இருந்தாக வேண்டும் என்று தேடினேன்.

இது எனக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மெல்வின் லெர்னர் என்ற உளவியலாளர் 1960களில் ஒரு சோதனை செய்தார். ஒரு பெண் பதில் தவறும்போதெல்லாம் மின் அதிர்ச்சி வாங்குவதைச் சிலருக்குக் காட்டினார். அது நடிப்பு, பார்த்தவர்களுக்குத் தெரியாது. அதை நிறுத்த வழி இருந்தவர்கள் நிறுத்தினார்கள். வழி இல்லை, அவள் தொடர்ந்து வதைபடுவாள் என்று தெரிந்தவர்கள், அந்தப் பெண்ணின் மதிப்பையே குறைத்துப் பேச ஆரம்பித்தார்கள். உலகம் நியாயமாக நடக்கிறது என்று நம்பினால்தான் நம்மால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது. அடி மேல் அடி வாங்குகிறவர் அந்த நம்பிக்கையில் ஓட்டை போடுகிறார். அவரைக் குற்றவாளி ஆக்கினால் ஓட்டை அடைபட்டுவிடும்.

எனக்கு வேலை போன செய்தி கேட்டு அவர் போன் செய்தார். அவரேதான். பேச்சு முடியும்போது, "நீங்க படியில ஏறிப் போறதை நான் பார்ப்பேன்" என்றார். திட்டவில்லை. "நானா இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்னு தோணும்" என்றும் சொன்னார். அப்படிச் சொல்லாமல் திட்டியிருக்கலாம்.

இப்போது என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்கிறேன். "என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஆனா லிஃப்ட்ல உங்ககூட வர்றேன்." கேட்க அசட்டுத்தனமாகத்தான் இருக்கும்.

மார்ச் 16, காலை 7.20

பெரிய அடிகள் விழும் வருடத்தில் குடையும் உடையும். கவனித்திருக்கிறீர்களா? செருப்பு அறும், கண்ணாடி நசுங்கும், கடிகாரம் நிற்கும். பக்கவாதத்துக்கு அழாத நான் குடைக்கு அழுதேன். நடுத்தெருவில்.

மார்ச் 18, மதியம் 2.30

மூன்று கேள்விக்கு வேகமாக.

"பேச வைத்துவிட்டால் பாரம் இறங்கும் அல்லவா?" தானாகப் பேசினால் இறங்கலாம். தோண்டக் கூடாது. பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு உடனே உட்கார வைத்து நடந்ததையெல்லாம் ஒருமுறை சொல்ல வைக்கும் முறை ஒன்று பல காலம் நடைமுறையில் இருந்தது. ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது அது பின்னால் வரும் பாதிப்பைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலாகவும் இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் கட்டாயப்படுத்திப் பேச வைக்காதே என்றுதான் சொல்கிறது. அதன் சாரம் மூன்று சொல்: பார், கேள், தேவையான உதவியோடு இணை. என் நண்பன் அதைப் படித்திருக்க வாய்ப்பே இல்லை.

"அக்கா இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறாள், கோபமா, மறுப்பா?" துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டம் சொல்வார்களே, அவை எலிசபெத் கியூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியவை. தான் சாகப் போகிறோம் என்று அறிந்த நோயாளிகளிடம் பேசி எழுதினார். மிஞ்சியிருப்பவர்களுக்கு அது கால அட்டவணை கிடையாது. ஐந்து கஷ்டத்துக்கு ஐந்து கட்டம் என்றால் இருபத்தைந்து ஆகிறது, யார் கணக்கு வைப்பது?

"பகலில் அழுகிறாள், ராத்திரி காமெடி பார்த்துச் சிரிக்கிறாள், பயமாக இருக்கிறது." பயப்பட வேண்டாம். ஸ்ட்ரோப், ஷூட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் இதைத்தான் விளக்கினார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பின் பக்கமும் அன்றாட வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய் வருவார், அந்தப் போக்குவரத்துதான் ஆளைத் தேற்றுகிறது. சிரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சிரியுங்கள். "இப்போ எப்படி இருக்கே" என்று நடுவில் கேட்டுக் கெடுக்காதீர்கள்.

மார்ச் 19, இரவு 8.05

"எல்லாம் ஒரேயடியா முடிஞ்சா நல்லாருக்கும்" என்று அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

அது அலுப்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஊகிக்காதீர்கள், கேளுங்கள். நேராக, அந்தச் சொல்லைப் போட்டே: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, கேட்டது நிம்மதி தந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. ஆமாம் என்றாலோ, தயங்கினாலோ, அவளைத் தனியே விடாதீர்கள். ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்றில்லாமல் இன்றே மருத்துவரிடமோ உங்கள் பகுதியின் உதவி எண்ணிலோ பேசுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினால், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் செய்து கொடுக்காதீர்கள்.

கேட்டுவிட்டு இங்கே ஒரு வரி போடுங்கள். விழித்திருக்கிறேன்.

மார்ச் 20, காலை 5.50

உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் படுத்தேன். "சாகவெல்லாம் தோணலடீ, ஒரு வாரம் யாரும் என்னை எதுவும் கேக்காம இருந்தா போதும்" என்றாளா! அந்தப் பழைய பாட்டிலே வருகிறவன் வாய் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பான்.

அந்த ஒரு வாரத்தை அவளுக்கு வாங்கிக் கொடுங்கள். ஆனால் கேட்ட கேள்வியை ஒரு தடவையோடு நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு நாள், கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டு, மறுபடி கேளுங்கள். மருத்துவரை ஒருமுறை பார்ப்பதும் நல்லதுதான். தூக்கம் வரவில்லை என்று சொல்லிப் போனால் போதும், பேச்சு தானாக அங்கே போகும்.

ஏப்ரல் 6, இரவு 9.15

சேதி சொல்லும் பொறுப்பை எடுத்துக்கொண்டதாக எழுதியிருந்தீர்கள். "முதல் நாளே நாற்பத்து மூன்று பேர் கேட்டார்கள், எனக்கே தலை சுற்றியது" என்று. இப்போது புரிகிறதா அவள் ஏன் போனை எடுக்கவில்லை என்று.

ஒரு சின்னத் தந்திரம் சொல்கிறேன். நாள்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதி, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி குறித்து வையுங்கள். அன்று போய் நில்லுங்கள். கூட்டம் வருவது முதல் வாரம். பில் வருவது மூன்றாம் மாதம். என் போனில் இப்படி நான்கு பேருக்குக் குறிப்பு ஓடுகிறது, அதில் ஒருவர் லிஃப்ட்காரர். வருடா வருடம் அவர் குழந்தையின் நாளில் ஒரு வரி அனுப்புகிறேன். அவர் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை.

ஏப்ரல் 22, மாலை 6.40

அக்காவே உங்களுக்குப் போன் செய்து, எடுத்த எடுப்பில் "ஆறாவது" என்று சொன்னாளாமே. சாமான் ஏற்றிய வண்டி வழியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான் என்றீர்கள். அவ்வளவுதான் இல்லை. ஐந்தாவதற்கு மூன்று வாரம் ஆனது. ஆறாவது பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

ஏப்ரல் 22, இரவு 7.10

"எந்த இடத்துல நிக்கிறே?" இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

மே 2, காலை 8.25

இன்று காலை எங்கள் குளியலறைத் தொட்டிக்கு அடியில் மறுபடியும் சொட்டுகிறது. அதே இடம். பக்கெட்டைத் தேடி எடுத்தேன், வைத்தேன், ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவனுக்கு ஒரே ஒரு சொல் அனுப்பினேன். "குழாய்."

உடனே பதில். "ஸ்பானர் உன்கிட்டயா, என்கிட்டயா?"